ஜோயி டன்லப்: ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பையன்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்து இருபது வருடம் தாண்டிவிட்டது. சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர், கல்சுவருக்கு ஒரு முழம் தள்ளி, வண்டியைச் சாய்த்துக்கொண்டு போகிறார். ஆயில் மாற்ற வரும் பையன்களில் பாதிப்பேர் "யாரு அண்ணாச்சி இது?" என்று கேட்காமல் போவதில்லை. ஒருவனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவன் வந்து முதலிலிருந்து கேட்பான். அதனால் அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இந்த ஜோயி டன்லப்?

பைக் பந்தய வீரர். வட அயர்லாந்தில் பாலிமணி என்ற சின்ன ஊர்க்காரர். 1952 பிப்ரவரி 25 அன்று பிறந்தார். 2000 ஜூலை 2 அன்று பந்தயம் ஓட்டும்போதே இறந்தார். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் பைக் பந்தயம் டூரிஸ்ட் டிராபி, சுருக்கமாக டி.டி., அதில் 26 முறை ஜெயித்தவர். 1982 முதல் 1986 வரை தொடர்ந்து ஐந்து வருடம் ஃபார்முலா ஒன் டி.டி. (கார் பந்தயம் இல்லை, பெரிய பைக்குகளுக்கானது) உலகச் சாம்பியன். சொந்த நாட்டில் அல்ஸ்டர் கிராண்ட் பிரீயில் 24 வெற்றி, நார்த் வெஸ்ட் 200 பந்தயத்தில் 13 வெற்றி.

எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். நான் படத்தை ஒட்டியதற்குக் காரணம் வேறு. இவர் ஒரு மெக்கானிக்கின் மகன், தன் வண்டியைத் தானே பிரித்து மாட்டியவர், கடைசி வரை பிறந்த ஊரை விட்டுப் போகாதவர்.

டன்லப் டயருக்கும் இவருக்கும் சொந்தமா?

இல்லை. பெயர் மட்டும் ஒன்று. 1888-ல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கிய ஜான் பாய்டு டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரத்தில் இருந்த ஒரு கால்நடை மருத்துவர். வட்டாரம் ஒன்றாகப் போனதால் இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் வரும்.

இது மோட்டோஜிபி மாதிரிதானே?

மாதிரி இல்லை. மோட்டோஜிபி நடப்பது அதற்கென்றே கட்டிய டிராக்கில். வண்டி வழுக்கினால் உருண்டு போய் நிற்க ஜல்லிப் பரப்பு இருக்கும், மெத்தைத் தடுப்பு இருக்கும். ஜோயி ஓட்டியது ஊர் ரோட்டில். மற்ற நாளில் பஸ்ஸும் டிராக்டரும் போகிற அதே ரோட்டை, சட்டப்படி சில மணி நேரம் அடைத்துவிட்டு ஓட்டுவார்கள். ஓரத்தில் வீட்டுச் சுவர், விளக்குக் கம்பம், பாலத்தின் கைப்பிடிச் சுவர், மரம். எல்லாம் அது அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்னொரு வித்தியாசம், டி.டி.யில் எல்லாரும் கூட்டமாகக் கிளம்புவதில்லை. பத்து விநாடி இடைவெளி விட்டு அனுப்புவார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி. முன்னால் யாரும் தெரிய மாட்டார்கள். நாம் முந்துகிறோமா பிந்துகிறோமா என்பதுகூட, ரோட்டோரம் நம் ஆள் தூக்கிக் காட்டுகிற பலகையைப் பார்த்தால்தான் தெரியும்.

1976 வரை இந்த டி.டி.யும், இன்றைய மோட்டோஜிபிக்கு முன்னோடியான உலக கிராண்ட் பிரீ கணக்கில் இருந்தது. 1972-ல் இத்தாலிக்காரர் ஜில்பெர்டோ பார்லோட்டி அங்கே இறந்த பிறகு, ஜாக்கோமோ அகோஸ்டினி போன்ற பெரிய வீரர்கள் இனி வரமாட்டோம் என்று ஒதுங்கினார்கள். பிறகு அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஜோயி ஜெயிக்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருடத்தில்.

ஒரு சுற்று எவ்வளவு தூரம்?

60.7 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால்தான் மனதில் நிற்கும். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகிற தூரம். செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஊர் ஊராக உள்ளே புகுந்து வெளியே வருகிறோம் இல்லையா, அங்கேயும் அப்படித்தான். யூனியன் மில்ஸ், கர்க் மைக்கேல், சல்பி என்று ஊர்களின் நடுவே போகும். ராம்சி என்ற ஊரில் ஒரு கொண்டை ஊசி வளைவு, அதிலிருந்து மலை ஏற்றம். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் கிளம்பிய வண்டி 400 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டு மறுபடி இறங்கும். மொத்தம் 200 வளைவுக்கு மேல். பல்லா என்ற இடத்தில் ஒரு குறுகலான கூனல் பாலம் உண்டு. அதில் வண்டி இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பிப் போய் விழும்.

திருச்செந்தூருக்கு நமக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஜோயி தன் 48-வது வயதில் ஓட்டிய மிக வேகமான சுற்றில் சராசரி வேகம் மணிக்கு 199 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 18 நிமிடம் கொஞ்சம் விநாடி. பெரிய பந்தயம் என்றால் அப்படி ஆறு சுற்று, 360 கிலோமீட்டருக்கு மேல். மதுரைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அவ்வளவு வராது.

காற்றும் உண்டு. ஆடி மாதம் நாகர்கோவில் போகும்போது காவல்கிணறு தாண்டியதும் காற்றாலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுமே, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கத் தோன்றுமே, அந்த மாதிரிக் காற்று அந்த மலை மேல் வீசும். நாம் அதை 60-ல் சமாளிக்கிறோம். அவர்கள் 200-ல். திடீரென்று பனி மூடினால் பந்தயத்தையே தள்ளிப் போடுவார்கள், ஹெலிகாப்டர் பறக்க முடியாவிட்டால் அடிபட்டவரை எடுக்க முடியாது என்பதால்.

அவ்வளவு வளைவையும் எப்படி ஞாபகம் வைப்பார்கள்?

அந்தப் பாதை பழக மூன்று வருடமாவது வேண்டும் என்று அங்கே ஓட்டுகிறவர்களே சொல்வார்கள். கண்ணால் பார்த்து ஓட்ட அங்கே நேரம் கிடையாது. முன்னால் சுவர் திரும்புவது தெரிவதற்குள் வண்டி திரும்பியிருக்க வேண்டும். எந்தக் கம்பத்துக்கு நேரே பிரேக், எந்த வீட்டு வாசலில் கியர் குறைப்பு, எங்கே ரோட்டின் மேடு வண்டியைத் தூக்கும், மழை பெய்தால் எந்த மரத்தடி கடைசியாகக் காயும், எல்லாம் உள்ளே பதிந்திருக்க வேண்டும்.

ஜோயி அங்கே முதலில் போனது 1976-ல். கடைசியாகப் போனது 2000-ல். இருபத்துநாலு வருடம் ஒரே ரோட்டைப் படித்திருக்கிறார். எங்கள் வீதியில் மார்கழி முழுக்கத் திருப்பாவை சொல்கிற ஒரு ஆச்சி இருந்தார். எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. முப்பது பாட்டையும் ஒரு சொல் பிசகாமல் சொல்வார். நடுவில் நிறுத்தி அடுத்த வரி என்ன என்று கேட்டால் வராது, பாட்டின் தொடக்கத்திலிருந்து வந்தால்தான் வரும். ஜோயிக்கு அந்த ரோடு அப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

எப்படி ஆரம்பித்தார்? பெரிய இடத்துப் பிள்ளையா?

இல்லவே இல்லை. ஏழு பிள்ளைகள் இருந்த வீடு, அப்பா மோட்டார் மெக்கானிக். 1969-ல் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் 200 சிசி டிரயம்ஃப் டைகர் கப் வண்டியோடு முதல் பந்தயம். முதல் டி.டி. வெற்றி 1977-ல். நடுவில் எட்டு வருடம். ஆறு மாதத்தில் பெயர் வாங்க வேண்டும் என்று நினைக்கிற தம்பிகள் இந்த எட்டு வருடத்தைக் கொஞ்சம் கவனிக்கணும்.

அப்போது அவர்கள் நாலு பேர் ஒரு கூட்டம். ஜோயி, அவர் தம்பி ஜிம், தங்கள் சகோதரியைக் கட்டிய மெர்வின் ராபின்சன், நண்பர் ஃபிராங்க் கென்னடி. பக்கத்துக் கிராமம் ஆர்மாய், அதை வைத்து 'ஆர்மாய் ஆர்மடா' என்று பெயர். ஒன்றாக வண்டி வேலை பார்ப்பார்கள், ஒன்றாகப் பந்தயத்துக்குப் போவார்கள்.

1980 இவருக்கு ஏன் முக்கியமான வருடம்?

1979 நார்த் வெஸ்ட் 200 பந்தயத்தில் அடிபட்ட ஃபிராங்க் கென்னடி, அந்தக் காயத்தில் இறந்துபோனார். அடுத்த வருடம் அதே பந்தயத்தில் மெர்வின் ராபின்சன் இறந்தார். மைத்துனன், கூட்டாளி, வண்டி வேலையில் ஒரு கை. நாலு பேரில் இரண்டு பேர் இல்லை. அது மே மாதம். ஜூன் மாதம் டி.டி.

ஜோயி போனார். ஹோண்டா கம்பெனியின் அணி வந்து நின்ற கிளாசிக் பந்தயத்தில், உள்ளூர் ஆதரவில் கிடைத்த யமஹா 750-யோடு இறங்கினார். முதல் சுற்றிலேயே பெட்ரோல் டாங்கைப் பிடித்திருந்த பட்டை அறுந்துவிட்டது. டாங்க் ஆடுகிறது. நிறைந்த டாங்க் என்ன கனம் கனக்கும் என்பது, டாங்கைக் கழற்றிக் கையில் தூக்கியவர்களுக்குத் தெரியும். பிரேக் பிடித்தால் முன்னால் வரும், முடுக்கினால் பின்னால் வரும், சாய்த்தால் சாயும். அதை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சப் பந்தயத்தையும் ஓட்டி முடித்தார். ஜெயித்தார். சுற்றுச் சாதனையும் வைத்தார், சராசரி மணிக்கு 185 கிலோமீட்டர்.

அடுத்த வருடமே ஹோண்டா அவரைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு கடைசி வரை ஹோண்டாதான்.

26 வெற்றியும் எந்தெந்த வருடம்?

பரீட்சைக்குக் கேட்பது போலவே கேட்கிறார்கள். சரி. டி.டி. என்பது பல பந்தயங்கள் சேர்ந்தது, அதனால் ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேலும் ஜெயிக்கலாம். 1977, 1980, 1983, 1984-ல் ஒவ்வொன்று. 1985-ல் மூன்று. 1986-ல் ஒன்று, 1987-ல் இரண்டு, 1988-ல் மறுபடி மூன்று. அப்புறம் நாலு வருட இடைவெளி. 1992, 1993-ல் ஒவ்வொன்று, 1994, 1995, 1996-ல் இரண்டிரண்டு, 1997, 1998-ல் ஒவ்வொன்று. 2000-ல் மூன்று.

1985-க்கு ஒரு கதை உண்டு. தீவுக்கு மீன்பிடிப் படகில் கிளம்பினார்கள். படகு வழியிலேயே மூழ்கிவிட்டது. ஆட்களைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அப்படித் தப்பிப் போன ஆள்தான் அந்த வாரம் மூன்று பந்தயம் ஜெயித்தார்.

அந்த நாலு வருட இடைவெளியில் என்ன ஆயிற்று?

1989-ல் இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹேட்ச் டிராக்கில் பெரிய விபத்து. அந்த வருடம் டி.டி.க்கே போக முடியவில்லை. ஊர் ரோட்டில் இத்தனை வருடம் ஓட்டியவரைப் பாதுகாப்பான டிராக் கீழே தள்ளியது. திரும்பி வந்தபோது பெரிய வண்டியில் பழைய பிடி உடனே வரவில்லை. சின்ன வண்டிக்கு, 125 சிசிக்கு, இறங்கினார். 1992-ல் அதில் ஜெயித்து, பிரிட்டிஷ் வீரர் மைக் ஹெய்ல்வுட் வைத்திருந்த 14 வெற்றி என்ற சாதனையைத் தொட்டார். 1993-ல் மறுபடி 125-லேயே அதைத் தாண்டினார்.

எனக்கு இவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஐந்து முறை உலகச் சாம்பியனாக இருந்தவர், கௌரவம் பார்க்காமல் சின்ன என்ஜினில் உட்கார்ந்து முதலிலிருந்து வந்தார்.

தன் என்ஜின் வேலையைத் தானே பார்ப்பார் என்பது உண்மையா?

உண்மை. பெரிய கம்பெனி வீரரான பிறகும் 125, 250 வண்டிகளைத் தன் கையால் பார்த்துக்கொள்வார். இரவெல்லாம் உட்கார்ந்து என்ஜினைப் பிரித்து மாட்டிவிட்டுக் காலையில் பந்தயத்துக்கு வருவார் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்வதுண்டு.

அந்த 125-ம் 250-ம் டூ ஸ்ட்ரோக். ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை விடும் சிறு துளையான ஜெட் கொஞ்சம் சிறிதாகி, பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும், பிஸ்டன் வீங்கி சிலிண்டரின் உட்சுவரைக் கவ்விப் பிடிக்கும். நாம் 'சீஸ் ஆயிருச்சு' என்கிறோமே, அது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். வள்ளியூர் ரோட்டில் 50-ல் அப்படி ஆனாலே ஆள் விழுந்துவிடுவான். அதனால் டூ ஸ்ட்ரோக் ரேஸர்கள் கிளட்ச் மேலே எப்போதும் விரல் வைத்திருப்பார்கள், சத்தம் மாறியவுடன் பிடிப்பதற்கு.

ஜெட் சரியா என்று எப்படித் தெரியும்? ஓட்டிக்கொண்டு வந்து, கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, சூட்டோடு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனியில் இருக்கும் வெள்ளைப் பீங்கான், வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்து சுண்ணாம்பாக இருந்தால் ஆபத்து, சூடு மிஞ்சுகிறது. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வண்டி இழுக்காது. காற்றின் ஈரம் மாறினால் இந்த நிறம் மாறும், உயரம் மாறினாலும் மாறும். கடலோரத்தில் கிளம்பி மலை ஏறி இறங்குகிற சுற்றுக்கு ஒரே ஜெட்தான் போட முடியும். எதைப் போடுவது என்று தீர்மானிப்பவனும் அதன் மேல் உட்கார்ந்து போகிறவனும் ஒரே ஆள் என்றால், அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியும். ஜோயியின் வேகத்தில் பாதி ஒர்க்‌ஷாப்பில் பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

48 வயதில் மூன்று பந்தயம் ஜெயித்தாரா?

ஆமாம், 2000 ஜூனில். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பெரிய ஹோண்டா, பிறகு 250, பிறகு 125. அதே வாரத்தில் டி.டி.யின் இன்னொரு பெரிய வண்டிப் பந்தயமான சீனியரில் மூன்றாவதாக வந்தார். மேலே சொன்ன 199 கிலோமீட்டர் சுற்று அந்தப் பந்தயத்தில் ஓட்டியது. தன் வாழ்நாளிலேயே வேகமான சுற்றை 48 வயதில் ஓட்டியிருக்கிறார். ஃபார்முலா ஒன் பந்தயத்தை அவர் அதற்கு முன் ஜெயித்தது 1988-ல்.

எப்படி இறந்தார்?

டி.டி. முடிந்து நாலு வாரம்கூட ஆகவில்லை. எஸ்டோனியாவில் தாலின் நகரத்துக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே போகும் ரோட்டுப் பந்தயம். அங்கே பெரிய வண்டிப் பந்தயத்தையும் 600-ஐயும் ஜெயித்துவிட்டு, ஈர ரோட்டில் 125 ஓட்டும்போது வழுக்கி மரத்தில் மோதினார். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. பாலிமணியில் அடக்கத்துக்கு வந்த கூட்டம் ஐம்பதாயிரம் பேர் என்கிறார்கள்.

அந்தத் தீவில் மலை மேல் பங்களோ என்ற இடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது, வண்டி மேல் உட்கார்ந்தபடி. 26-வது மைல்கல் வளைவுக்கு 'ஜோயிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அனாதைப் பிள்ளைகளுக்கு உதவினாராமே?

உதவினார், தானே வேன் ஓட்டிக்கொண்டு போய். ருமேனியா, அல்பேனியா, போஸ்னியா என்று கஷ்டத்தில் இருந்த நாடுகளுக்கு, துணியும் உணவும் வேனில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போய் இறக்கிவிட்டு வருவார். விளம்பரம் கிடையாது. பந்தயத்துக்காக 1986-ல் பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. விருது கொடுத்தது. இந்த உதவிக்காக 1996-ல் ஓ.பி.இ. கொடுத்தது.

26 என்ற சாதனை இப்போதும் இருக்கிறதா?

இல்லை. 2024 ஜூனில் மைக்கேல் டன்லப் 27-வது வெற்றி வாங்கித் தாண்டிவிட்டார். ஜோயியின் தம்பி ராபர்ட்டின் மகன். ராபர்ட்டும் பெரிய வீரர். 2008-ல் நார்த் வெஸ்ட் 200 பயிற்சியில் இறந்தார். இரண்டே நாள் கழித்து அதே பந்தயத்தில் மைக்கேல் ஓட்டி ஜெயித்தார். மைக்கேலின் அண்ணன் வில்லியம் 2018-ல் இன்னொரு ரோட்டுப் பந்தயத்தில் இறந்தார். ஒரே குடும்பத்தில் மூன்று பேர்.

இத்தனை பேர் சாகிற பந்தயத்தை நீங்கள் பாராட்டலாமா?

இதைக் கேட்டது ஒரு பையனின் அம்மா. நியாயமான கேள்வி. 1907-ல் தொடங்கியதிலிருந்து அந்தத் தீவில் 250 வீரர்களுக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அந்தப் பந்தயம் நடக்க வேண்டுமா என்று கேட்டால், அதை அந்தத் தீவுக்காரர்களும் அதில் ஓட்டுகிற பெரியவர்களும் தீர்மானிக்கட்டும் என்பேன். உங்கள் மகனை அனுப்புவீர்களா என்று கேட்டால், அனுப்ப மாட்டேன். நான் மதிப்பது அந்த ஆளின் உழைப்பை. அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். சமாதானமானார் என்று சொல்ல மாட்டேன்.

அவரும் ரோட்டில்தானே ஓட்டினார், நாங்க நாலுவழிச் சாலையில ஓட்டுனா என்ன தப்பு?

தம்பி, அவர் ஓட்டும்போது அந்த ரோட்டில் எதிரே யாரும் வர மாட்டார்கள். குறுக்கே ஆடு வராது, யாரும் சைக்கிளைத் திருப்ப மாட்டார்கள். வளைவுக்கு வளைவு கொடி வைத்துக்கொண்டு ஆள் நிற்பான், டாக்டர் இருப்பார்.

என்னிடம் வேலை கற்ற ஒரு பையன், நல்ல கை. ஒரு ராத்திரி ரெட்டியார்பட்டி பக்கம் நண்பனோடு பந்தயம் வைத்து ஓட்டினான். முன்னால் பின்விளக்கு இல்லாத ஒரு டிராக்டர். வலது தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்தும் உதைத்து ஸ்டார்ட் பண்ண அவனால் முடியவில்லை. செல்ப் ஸ்டார்ட் வண்டிதான் ஓட்டுகிறான். வண்டிக்கு அன்று காலையில் செயின் இறுக்கிக் கொடுத்தது நான். அவன் எதற்குக் கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், எல்லாரிடமும்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி, அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஒரு வருடம் வரை, 10,000 ரூபாய்.

நெல்லையிலிருந்து ரேஸர் ஆக முடியுமா?

முடியும், ஆனால் ஓட்டிப் பழக ஊரை விட்டுப் போகணும். தமிழ்நாட்டில் இருக்கும் டிராக்குகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், சுமார் 3.7 கிலோமீட்டர். மற்றது கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போட்டியில் இறங்க எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் ரேஸ் உரிமம் வேண்டும். அதற்கு முன் பயிற்சி வகுப்பு உண்டு, மருத்துவச் சான்று உண்டு.

சொந்தமாக ரேஸ் வண்டி வாங்க வசதி இல்லையென்றால், டிவிஎஸ் போன்ற கம்பெனிகள் நடத்தும் ஒன்-மேக் போட்டிகளைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டியைக் கம்பெனியே கொடுக்கும், தேர்வு வைத்துப் புதியவர்களை எடுப்பார்கள். சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011-ல் 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டினார். தமிழ்நாட்டிலிருந்து அந்த வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது.

தோல் உடை, நல்ல ஹெல்மெட், பூட்ஸ், கையுறைக்கு முதலில் காசு சேருங்கள். சைலன்சர் மாற்ற வைத்திருக்கும் காசை இதில் போடுங்கள்.

வண்டி வேலை கற்றுக்கொள்ள வரலாமா?

தாராளமாக. பையன் பொண்ணு யாரானாலும் வரலாம். வீட்டில் சொல்லிவிட்டு வரணும். இந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 என்ஜினைப் பிரிக்கப் போகிறேன். சீஸ் ஆன பிஸ்டன் உள்ளேயே இருக்கிறது, எங்கே கவ்வியிருக்கிறது என்று கோடு கோடாகத் தெரியும். பழைய சட்டை போட்டு வாருங்கள், காலில் செருப்பு வேண்டாம், ஷூ.